பழைய ஆலயக் கல்லறைத் தோட்டத்து மதிலோரம் பழுதுபார்ப்பு: தொல்லியல் கண்காணிப்புக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தின் பழைய ஊர்களில் ஆலயத்தைச் சுற்றியுள்ள கல்லறைத் தோட்டம் பெரும்பாலும் பக்கத்துச் சாலையைவிட உயரமாக இருக்கும். அந்த மேட்டைத் தாங்கி நிற்கும் கல் மதிலோ செங்கல் மதிலோ நூறு, இருநூறு ஆண்டுகளில் சாலைப் பக்கமாகச் சாய்கிறது, வயிறு தள்ளுகிறது, ஓரிடத்தில் சரிந்தும் விழுகிறது. அதைச் சீர்செய்யும் வேலை பார்வைக்குச் சிறியதுதான்: சில மீட்டர் நீளத்துக்கு மதிலைப் பிரித்து, அடியில் மண் எடுத்து, அஸ்திவாரம் போட்டு, பழைய கற்களாலேயே திரும்பக் கட்டுவது. ஆனால் அந்தச் சில மீட்டருக்குள் நூற்றாண்டுகளாகப் புதைக்கப்பட்ட மனிதர்கள் இருக்கிறார்கள். ஆகவே அங்கே மண்ணைத் தொடும் ஒவ்வொரு கணமும் தொல்லியலாளர் ஒருவர் அருகில் நின்று பார்க்க வேண்டும் என்று திருச்சபையோ உள்ளாட்சி மன்றமோ நிபந்தனை விதிக்கிறது.

பிரிட்டனில் தொல்லியல் படித்துவிட்டுக் கள நிறுவனம் ஒன்றில் முதல் வேலைக்குச் சேரும் தமிழ் மாணவர்களை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். கீழடி போன்ற இடத்தில் அகழாய்வுக் குழியில் பயிற்சி பெற்றவருக்கு இந்த வேலை முதலில் அந்நியமாகத் தோன்றும். அகழாய்வில் குழியின் இடத்தையும் ஆழத்தையும் வேகத்தையும் நாம் தீர்மானிக்கிறோம். கண்காணிப்பில் அவற்றைப் பொறியாளரும் ஒப்பந்ததாரரும் தீர்மானிக்கிறார்கள். நமக்கு இருப்பது பார்க்கும் உரிமையும், நிறுத்தும் உரிமையும், பதியும் கடமையுமே. இவற்றில் நிறுத்தும் உரிமை முன்கூட்டியே எழுத்தில் இல்லாவிட்டால் மற்ற இரண்டும் பெயரளவிலேயே மிஞ்சும் என்பது என் உறுதியான கருத்து.

எவருடைய நிலம், எவருடைய அனுமதி

வேலைக்கு முன் தெளிவாக்கிக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, தோண்டப்போகும் ஒவ்வோர் அங்குலமும் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்பது. இங்கிலாந்து திருச்சபையின் கல்லறைத் தோட்டம் அர்ப்பணிக்கப்பட்ட நிலம். அதற்குள் மண்ணைத் தோண்டும் இத்தகைய வேலைக்குத் திருமண்டலத்தின் திருச்சபை நீதிமன்றம் வழங்கும் ‘ஃபேகல்ட்டி’ என்ற அனுமதி தேவை. அந்த நீதிமன்றத்தின் நீதிபதியான சான்சலர், திருமண்டல ஆலோசனைக் குழுவின் கருத்தைக் கேட்டே முடிவெடுப்பார். அக்குழுவுக்குத் தொல்லியல் ஆலோசகர் ஒருவர் உண்டு. உங்கள் பணித்திட்டத்தை அவர் பார்த்து ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அடக்கம் நிறுத்தப்பட்ட பழைய தோட்டங்களைப் பராமரிக்கும் பொறுப்பு 1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 215ஆம் பிரிவின்படி உள்ளாட்சி மன்றத்துக்கு மாறியிருக்கக்கூடும். அப்போது வேலையை நடத்துவது மன்றமாக இருந்தாலும் நிலம் திருச்சபையின் அதிகார வரம்புக்குள்ளேயே இருக்கும். இந்த வேறுபாட்டைச் சாலைத்துறையின் பொறியாளர்கள் பலர் அறிந்திருப்பதில்லை. முதல் கூட்டத்திலேயே அதைச் சொல்லிவிடுவது நல்லது.

மனித எச்சங்களைப் பொறுத்தவரை 1857ஆம் ஆண்டு அடக்கச் சட்டத்தின் 25ஆம் பிரிவு இன்றும் உயிரோடு இருக்கிறது. புதைக்கப்பட்ட உடலையோ அதன் எச்சத்தையோ உரிய அனுமதியின்றி அகற்றுவது குற்றம். திருச்சபை நிலத்துக்குள் ஃபேகல்ட்டியே அந்த அனுமதியாக அமையும்; அதற்கு வெளியே நீதித்துறை அமைச்சகத்தின் உரிமம் வேண்டும். மதிலோர வேலையின் சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. ஒரே குழியில் கிடக்கும் ஒரே மனிதரின் மேற்பாதி மதிலுக்கு உள்ளேயும் கால்கள் வெளியே நடைபாதைக்கு அடியிலும் இருக்கலாம். அப்படியானால் அவருக்கு இரண்டு அனுமதிகள் தேவைப்படும். சாலையை அகலப்படுத்தத் தோட்டத்தின் ஒரு கீற்றை எடுத்துக்கொண்ட ஊர்களில், இன்று நடைபாதையாக இருக்கும் நிலம் சட்டப்படி இன்னும் அர்ப்பணிக்கப்பட்டதா என்ற கேள்வியும் எழும். இதைக் களத்தில் நின்றுகொண்டு தீர்க்க முடியாது. திருமண்டலப் பதிவாளரிடம் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றோடு, மதில் அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடமா என்றும், அந்த இடம் 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமா என்றும் பாருங்கள். போர்க்கல்லறைகள் அருகில் இருந்தால் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்துக்கும் தகவல் போக வேண்டும்.

எழுத்துமூலப் பணித்திட்டம் இந்த விவரங்களையெல்லாம் தாங்கி நிற்கும் ஆவணம். எந்த வேலைகளின்போது கண்காணிப்பாளர் கட்டாயம் இருக்க வேண்டும், மனித எச்சம் தென்பட்டால் யார் யாருக்குத் தெரிவிக்க வேண்டும், எடுத்த எலும்புகள் எங்கே வைக்கப்பட்டு எப்போது மறு அடக்கம் செய்யப்படும், அதன் செலவு யாருடையது என்ற நான்கையும் அது ஐயத்துக்கு இடமின்றிச் சொல்ல வேண்டும். இயந்திரத்தை நிறுத்தும் அதிகாரம் கண்காணிப்பாளருக்கு உண்டு என்ற வரி, உங்கள் திட்டத்தில் மட்டுமன்றி ஒப்பந்ததாரரின் ஒப்பந்தத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் திட்டத்தைக் களத்து மேற்பார்வையாளர் படித்திருக்கமாட்டார். தம் ஒப்பந்தத்தைப் படித்திருப்பார்.

அனுமதிகளும் திட்டமும் வெறும் சடங்கு என்று நினைப்பவர்களுக்கு லண்டன் புனித பான்கிராஸ் பழைய ஆலயத்தின் வரலாறு ஒன்றே போதும். 1860களில் அந்தக் கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே ரயில் பாதை போடப்பட்டபோது உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. அந்த வேலையை மேற்பார்வையிட அனுப்பப்பட்டவர்களில் பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற தாமஸ் ஹார்டியும் ஒருவர். அதே தோட்டத்தின் இன்னொரு பகுதி, ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கத்துக்குச் செல்லும் ரயில் பாதைக்காக 2002, 2003ஆம் ஆண்டுகளில் மீண்டும் தோண்டப்பட்டது. வேலையை விரைவுபடுத்தத் தொல்லியலாளர்கள் இடையில் வெளியேற்றப்பட்டார்கள். கடும் எதிர்ப்பு எழுந்த பிறகே அவர்கள் திரும்ப அனுமதிக்கப்பட்டார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி லண்டனுக்கு வந்து 1806இல் இறந்த நார்போன் பேராயர் ஆர்தர் ரிச்சர்ட் டில்லன் அங்கேதான் பீங்கான் பல்வரிசையோடு கண்டெடுக்கப்பட்டார். யார் என்று அடையாளம் கண்டதால்தான் 2007இல் அவருடைய எச்சங்கள் நார்போனுக்குத் திரும்ப முடிந்தது. கவனிக்க ஆளில்லாமல் மண் அள்ளப்பட்டிருந்தால் அவர் பெயரற்ற எலும்புகளாகவே போயிருப்பார்.

பழைய வரைபடங்களில் மதிலைத் தேடுதல்

மதில் நிற்கும் கோடே தோட்டத்தின் எல்லை என்று எடுத்துக்கொள்வதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் பிழை. ஊர்வலப் பாதைக்காக, சுங்கச்சாலைக்காக, பின்னர் மோட்டார் வண்டிகளுக்காக மதில்கள் பலமுறை உள்ளே தள்ளிக் கட்டப்பட்டிருக்கின்றன. உள்ளே இருந்த கல்லறைகள் நகரவில்லை. ஆகவே களத்துக்குப் போகுமுன், அப்பகுதியின் தொல்லியல் தடயங்களைத் தொகுத்து வைத்திருக்கும் மாவட்ட வரலாற்றுச் சூழல் பதிவேட்டில் அந்த இடத்தைத் தேடுங்கள். 1836ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி திருச்சபை வரிக்காக வரையப்பட்ட தசமபாக வரைபடத்தையும், நாட்டின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் முதல் பதிப்புப் பெரிய அளவு வரைபடங்களையும், இன்றைய அளவை வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். மதிலின் கோட்டில் ஒரு சிறு முடக்கு மறைந்திருந்தாலோ, சாலை ஓரிடத்தில் மட்டும் அகன்றிருந்தாலோ, நீங்கள் நிற்கப்போகும் நடைபாதை ஒருகாலத்தில் தோட்டமாக இருந்தது என்று கொள்ளலாம்.

ஆலய நிர்வாகக் கணக்கேடுகளில் மதிலுக்குச் செய்த செலவு பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். எந்த ஆண்டில் எத்தனை செங்கல், எத்தனை வண்டிச் சுண்ணாம்பு என்பதுகூட அகப்படும். 1538 முதல் பங்குதோறும் பேணப்பட்டுவரும் அடக்கப் பதிவேடுகள் எத்தனை பேர் புதைக்கப்பட்டார்கள் என்று சொல்லுமே தவிர, எங்கே என்று பெரும்பாலும் சொல்வதில்லை. நகரத் தோட்டங்கள் பல 1850களின் அடக்கச் சட்டங்களால் மூடப்பட்டன. மூடிய ஆண்டு தெரிந்தால், மேலடுக்கில் கிடக்கும் சவப்பெட்டிகள் எந்த ஆண்டுக்குப் பிந்தியவையாக இருக்க முடியாது என்பது தெரிந்துவிடும்.

உயர வேறுபாட்டின் காரணத்தையும் முன்பே யோசித்து வையுங்கள். தோட்டம் உயர்ந்திருக்கலாம், அல்லது சாலை தாழ்ந்திருக்கலாம். நூற்றாண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைத்ததால் தரை மேலெழும்பியிருந்தால், மதிலுக்குப் பின்னால் கறுத்த கல்லறை மண் ஒரு மீட்டரோ அதற்கு மேலோ தடித்திருக்கும். சாலை மட்டத்துக்கும் கீழே போனால்தான் மனிதர் கை படாத இயற்கை மண் வரும். மாறாக, வண்டிச் சக்கரங்களும் மழைநீரும் சாலையை அரித்துத் தாழ்த்தியிருந்தால், இயற்கை மண் மதிலின் பாதி உயரத்திலேயே தென்படும். கல்லறைகள் அதற்குள் வெட்டப்பட்டுச் சாலையைவிட உயரத்தில் தொங்கி நிற்கும். முதல் நிலையில் மதிலின் அடி அஸ்திவாரமே ஆபத்தான இடம். இரண்டாவதில் மதிலின் பின்பக்கத்து மேற்பகுதி. சரிந்துபோன இடத்தில் ஏற்கெனவே திறந்து கிடக்கும் மண்முகத்தைக் கரணையால் இலேசாகச் சுரண்டிப் பார்த்தால் இதற்கான விடை பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.

பொறியாளரோடு பேச வேண்டியது

கண்காணிப்பின் பெரும்பகுதி நன்மை தோண்டத் தொடங்கும் முன்பே விளைகிறது. பழைய மதில் ஏன் சாய்கிறது என்பதைப் பொறியாளரோடு சேர்ந்து யோசியுங்கள். சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய மதிலுக்குப் பின்னாளில் சிமெண்டால் பூச்சுக் கொடுத்திருப்பார்கள். உள்ளே தேங்கும் நீர் வெளியேற வழியின்றி மதிலைத் தள்ளும். நீர்க்கசிவுத் துளைகள் அடைபட்டிருக்கும், அல்லது மரத்தின் வேர் நெம்பியிருக்கும். காரணம் நீர் என்றால், துளைகளைத் திறந்து, சிமெண்டை நீக்கி, சுண்ணாம்புச் சாந்தால் திரும்பப் பூசுவதே போதுமானதாக இருக்கலாம். ஆழமான கான்கிரீட் அஸ்திவாரம் வேண்டியதில்லை. அஸ்திவாரத்தின் ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டினால் ஒரு கல்லறை வரிசை தப்பும் என்றால் அதைக் கேட்கத் தயங்காதீர்கள். கணக்குப் போட்டு முடியுமா முடியாதா என்று சொல்வது அவர் வேலை. கேட்பது உங்கள் வேலை.

குறிப்பாக ஒரு முறையைப் பற்றி எச்சரிக்க வேண்டும். மதிலின் முகத்திலிருந்து பின்மண்ணுக்குள் இரும்புக் கம்பிகளைத் துளையிட்டுச் செலுத்தி நிறுத்தும் முறை, தோண்டுவதே இல்லை என்பதால் தொல்லியலுக்குத் தீங்கற்றது என்று முன்வைக்கப்படும். துளைக்கருவி எதைக் கடந்து போகிறது என்பதை எவராலும் பார்க்க முடியாது. துளை வழியே பீய்ச்சப்படும் கலவை அருகிலுள்ள சவப்பெட்டி வெற்றிடங்களிலும் செங்கல் நிலவறைகளிலும் போய் உறையும். அங்கே கண்காணிப்பாளர் நின்று பயனில்லை. இதைத் திட்டமிடும் கட்டத்திலேயே தடுக்க வேண்டும், அல்லது கம்பி செல்லும் உயரத்தில் கல்லறை இல்லை என்பதைச் சோதனைக் குழியால் உறுதிசெய்த பிறகே ஒப்புக்கொள்ள வேண்டும்.

மண் எடுக்கும் நாள்

வேலை தொடங்கும் காலையில் எல்லாத் தொழிலாளரையும் கூட்டிச் சில நிமிடங்கள் பேசுங்கள். கல்லறை மண் எப்படி இருக்கும், எலும்பு எப்படித் தென்படும், கண்டால் என்ன செய்ய வேண்டும், படம் எடுத்துப் பகிரக் கூடாது என்பவற்றை எளிமையாகச் சொல்லுங்கள். இயந்திரம் ஓட்டுபவர்தான் உங்கள் முதல் கூட்டாளி. அனுபவமுள்ள ஓட்டுநர் பக்கெட்டின் அடியில் மண்ணின் இறுக்கம் மாறுவதை உங்கள் கண்ணுக்கு முன்பே உணர்ந்துவிடுவார். அவரோடு கைச்சைகைகளை முடிவு செய்துகொள்ளுங்கள். இயந்திரக் கை சுழலும் வட்டத்துக்குள் அவருடைய கவனம் இல்லாமல் நுழையாதீர்கள். மின்கம்பி, எரிவாயு, நீர்க்குழாய் ஆகியவற்றின் வரைபடமும், அவற்றைக் கண்டறியும் கருவியால் செய்த சோதனையும் இல்லாமல் ஒரு பக்கெட் மண்கூட எடுக்க விடாதீர்கள். சாய்ந்த மதிலின் நிழலில் நிற்பது ஆபத்து. முட்டுக்கொடுத்த பின்பே அருகில் போக வேண்டும். 1.2 மீட்டரைத் தாண்டும் குழிக்குள் பக்கங்களைத் தாங்கு பலகையால் அடைக்காமல் இறங்குவதில்லை என்பது களத்தில் பரவலாகக் கடைப்பிடிக்கும் வழக்கம். மதிலோரத்தின் தளர்ந்த மண்ணில் அதற்குக் குறைந்த ஆழத்திலும் எச்சரிக்கை தேவை.

பற்கள் இல்லாத, விளிம்பு நேரான பக்கெட்டையே கேளுங்கள். பற்கள் மண்ணைக் கிழித்துக் கலைக்கும்; நேர் விளிம்பு சீவி எடுக்கும். ஒவ்வொரு முறையும் சுமார் 10 சென்டிமீட்டர் தடிப்புக்கு மேல் போக வேண்டாம். தார், சரளை, பழைய குழாய்ப் பள்ளத்து நிரப்பு ஆகியவை போனபின் மண்ணின் நிறம் மாறும் இடத்தில் நிறுத்தி, கையால் சுத்தம் செய்து பாருங்கள். குழாய்ப் பள்ளங்களை அலட்சியம் செய்ய வேண்டாம்: விக்டோரியா காலத்தில் குழாய் பதித்தவர்கள் கல்லறைகளை வெட்டிக்கொண்டு போய், வந்த எலும்புகளை அதே பள்ளத்தில் போட்டு மூடியிருப்பார்கள்.

கல்லறைக் குழியின் விளிம்பு வறண்ட மண்ணில் எளிதில் தெரியாது. தெளிப்பானால் மெல்ல நீர் தெளித்து, வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தால் இயற்கை மண்ணின் மஞ்சளுக்கும் நிரப்பு மண்ணின் பழுப்புக்கும் இடையே ஒரு கோடு எழும்பும். நிரப்பு மண் கலவையாக, தளர்ந்து, இயற்கை மண்ணின் சிறு கட்டிகளோடு இருக்கும். முந்தைய அடக்கங்களின் எலும்புத் துணுக்குகளும் அதில் கலந்திருக்கும். சவப்பெட்டியின் மரம் பெரும்பாலும் கரைந்து, கறுப்பு நூல் போன்ற கறையாக மிஞ்சும். அதன் வரிசையில் துருப்பிடித்த ஆணிகள் நிற்கும். பெட்டியில்லாமல் துணி சுற்றிப் புதைத்த இடைக்காலத்தவரிடம் அந்தக் கோடும் இராது. துணியைக் குத்திய செம்புக்கலவை ஊசி எலும்பில் விட்டுப்போன பச்சைக் கறை மட்டும் சில வேளை காணப்படும்.

மதிலோரத்துக்கே உரிய ஓர் அறிவு உண்டு. கிறிஸ்தவ அடக்கத்தில் தலை மேற்கிலும் கால் கிழக்கிலும் இருக்கும். எனவே கிழக்கு மதிலுக்கு வெளியே தோண்டும்போது முதலில் வெளிப்படுவது பாத எலும்புகள். அவை சிறியவை, கூழாங்கற்களோடு எளிதில் கலந்துவிடும். மேற்கு மதிலுக்கு வெளியே தோண்டும்போது மண்டையோடே முதலில் வரும். வடக்கு, தெற்கு மதில்களின் ஓரத்தில் உடல்கள் மதிலுக்கு இணையாகக் கிடக்கும். ஓர் அஸ்திவாரப் பள்ளம் ஒரு மனிதரை நீளவாக்கில் முழுவதும் சீவிவிட முடியும். வடக்கு, தெற்கு மதிலோரங்களில் பக்கெட்டின் தடிப்பை இன்னும் குறைக்கச் சொல்லுங்கள். குழந்தைகளின் எலும்புகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லையோரங்களில் பச்சிளங்குழந்தைகள் புதைக்கப்பட்டிருப்பது அரிதன்று. அவர்களுடைய விலா எலும்புகள் பறவை எலும்பு என்றோ காய்ந்த குச்சி என்றோ தோன்றும் அளவுக்கு மெல்லியவை. ஐயமிருந்தால் இயந்திரத்தை நிறுத்திக் கையில் எடுத்துப் பாருங்கள். பிறகு வருந்துவதால் அந்த எலும்பு திரும்பக் கிடைக்காது.

எலும்பு தென்பட்டால்

எலும்பு தென்பட்டவுடன் நிறுத்துங்கள், துணியாலோ மண்ணாலோ மூடுங்கள், திட்டத்தில் எழுதியபடி தெரிவியுங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பற்ற சிதறல் எலும்புகளா, உடலமைப்பு குலையாமல் கிடக்கும் அடக்கமா என்பதை முதலில் தீர்மானியுங்கள். சிதறல் எலும்புகளைச் சேகரித்து, எந்த இடத்திலிருந்து வந்தவை என்று குறித்து, பெட்டியில் பத்திரப்படுத்தி, வேலை முடிந்ததும் அதே தோட்டத்தில் மறு அடக்கம் செய்யக் குருவானவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்பந்ததாரரின் மண் குவியலையும் சலித்தோ கிளறியோ பாருங்கள். குவியல் லாரியில் ஏறிவிட்டால் அதிலிருக்கும் எலும்புகள் ஊரைவிட்டே போய்விடும்.

குலையாத அடக்கம் என்றால் அப்படியே விட்டுவிடுவதே முதல் தெரிவு. 2005இல் திருச்சபையும் அன்றைய இங்கிலீஷ் ஹெரிடேஜ் அமைப்பும் சேர்ந்து வெளியிட்டு, 2017இல் திருத்தப்பட்ட வழிகாட்டு நெறிகளின் சாரமும் இதுவே. அஸ்திவாரத்தை அந்த இடத்தில் சற்று உயர்த்த முடியுமா, அல்லது ஒரு கான்கிரீட் உத்திரத்தால் அதைத் தாண்டிப் போக முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்று உறுதியானால் மட்டும், அனுமதியின் நிபந்தனைப்படி, வழிப்போக்கர் பார்வை படாதவாறு மறைப்புக் கட்டி, கைக்கருவிகளால் சுத்தம் செய்து, படமும் வரைபடமும் எடுத்து, எலும்புப் படிவத்தை நிரப்பி, இடது வலது கைகால்களைத் தனித்தனிப் பைகளில் இட்டு எடுக்க வேண்டும். குழிக்குள் கிடக்கும் பகுதியை மட்டும் எடுப்பதா, மதிலுக்குள் நீளும் மீதியையும் பின்தொடர்வதா என்பது அடிக்கடி எழும் கேள்வி. பின்தொடர்ந்து தோண்டினால் அருகிலுள்ள மற்றவர்களும் கலைவார்கள். ஒருவரைப் பிரித்து வைப்பதும் மனத்துக்கு ஒவ்வாது. பணித்திட்டத்தில் இதற்கான விடை இருக்க வேண்டும். இல்லையென்றால் திருமண்டலத் தொல்லியல் ஆலோசகரை அழைத்துக் கேட்ட பிறகே கை வையுங்கள்.

எச்சம் நூறாண்டுக்கு உட்பட்டதாக இருக்கலாம் என்று தோன்றினாலோ, அடக்கம் நடந்திருக்க வழியில்லாத இடத்தில் கிடந்தாலோ, காவல்துறைக்கும், ஐயத்துக்குரிய இறப்புகளை விசாரிக்கும் அதிகாரியான கொரோனருக்கும் உடனே தெரிவியுங்கள். ஈயத்தால் மூடிய சவப்பெட்டிகளை எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். அவற்றுள் மென்திசு அழியாமல் இருக்கக்கூடும், ஈயமே நஞ்சு, உள்ளாட்சியின் சுற்றுச்சூழல் நல அலுவலரைக் கேட்காமல் அசைக்கவும் கூடாது. செங்கல் நிலவறை ஒன்று உடைந்து திறந்தால் உள்ளே தலையை நுழைக்காதீர்கள்: காற்றும் கெட்டிருக்கும், வளைவும் எந்நேரமும் விழலாம்.

பெயர்த்தகடுள்ள சவப்பெட்டி கிடைத்தால், எழுத்து மங்கலாக இருந்தாலும், அதே இடத்தில் அதே நேரத்தில் படித்துப் பதியுங்கள். அரித்துப்போன தகடு காற்றுப்பட்டதும் உதிரத் தொடங்கும். லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் கிறிஸ்து ஆலயத்தின் நிலவறையில் 1984 முதல் 1986 வரை எடுக்கப்பட்ட ஆயிரத்தை ஒட்டிய உடல்களில் 387 பேர் இத்தகைய தகடுகளால் பெயரும் வயதுமாக அடையாளம் காணப்பட்டார்கள். எலும்பைப் பார்த்து வயதைக் கணிக்கும் முறைகள் எந்த அளவுக்குச் சரி என்பதை அந்த உண்மையான வயதுகளோடு ஒப்பிட்டுச் சோதிக்க முடிந்தது. முதியவர்களின் வயதை அம்முறைகள் குறைத்துக் கணிக்கின்றன என்பதும் வெளிப்பட்டது.

கல்லறைகளுக்கு அப்பாலும் பழமை இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தருகே உள்ள புனித மார்ட்டின் ஆலயத்தில் 2006இல் நடந்த கட்டடப் பணியின்போது ரோமானியர் ஆட்சியின் கடைசிக் காலத்தைச் சேர்ந்த சுண்ணாம்புக்கல் பேழை ஒன்று மனித எலும்புக்கூட்டோடு வெளிப்பட்டது. பொன், வெள்ளிப் பழம்பொருள் ஏதேனும் கிடைத்தால், 1996ஆம் ஆண்டுக் கருவூலச் சட்டப்படி 14 நாட்களுக்குள் கொரோனருக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கலாம்.

மதிலும் ஓர் ஆவணம்

மண்ணையே பார்த்துக்கொண்டிருந்து, பிரிக்கப்படும் மதிலைக் கவனியாமல் விடுபவர்கள் பலர். முதல் கல்லை எடுக்கும் முன்பே மதிலின் முகத்தை நேராக நின்று, அளவுகோலோடு படமெடுத்துப் பதிவு செய்யுங்கள். சாந்தின் நிறமும் அதில் கலந்த மணலும் எங்கெங்கே மாறுகின்றன என்று குறியுங்கள். ஒவ்வொரு மாற்றமும் ஒரு காலத்துப் பழுதுபார்ப்பு. போர்ட்லண்டு சிமெண்டுக்கு 1824இல்தான் காப்புரிமை வழங்கப்பட்டது. ஆகவே அதனால் கட்டிய பகுதி அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. செங்கலுக்கு 1784இல் எண்ணிக்கையின்படி வரி விதிக்கப்பட்டபின் பெரிய செங்கற்கள் வழக்குக்கு வந்தன. செங்கல்லின் தடிப்பை அளந்து எழுதுங்கள். மதிலின் உட்புறத்தில் உடைந்த கல்லறைப் பலகைகள், ஆலயத்தின் பழைய சன்னல் சட்டக் கற்கள், இடைக்காலச் சிலுவை செதுக்கிய மூடுகற்கள் ஆகியவை மீண்டும் பயன்படுத்தப்பட்டிருப்பது வழக்கம். கொத்தனாரிடம் இதைச் சொல்லி வையுங்கள்: செதுக்கல் உள்ள எந்தக் கல்லும் உங்களிடம் காட்டாமல் திரும்பச் சுவருக்குள் போகக் கூடாது.

மதில் எப்போது கட்டப்பட்டது என்பதற்கு மிக உறுதியான சான்று மண்ணும் மதிலும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. மதிலின் அஸ்திவாரப் பள்ளம் ஒரு கல்லறையை வெட்டிக்கொண்டு போயிருந்தால், மதில் அந்தக் கல்லறைக்குப் பிந்தியது. எல்லை பின்னுக்குத் தள்ளப்பட்டதற்கு அதுவே சாட்சி. கல்லறை அஸ்திவாரப் பள்ளத்தின் நிரப்பை வெட்டியிருந்தால் மதிலே முந்தியது. பள்ளத்து நிரப்பில் புகையிலைக் களிமண் குழாயின் ஒரு துண்டு கிடைத்தாலும், அந்த மதில் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முன் கட்டப்பட்டதல்ல என்று சொல்லிவிடலாம். இந்த வெட்டு உறவைக் காட்டும் ஒரு நல்ல குறுக்குவெட்டு வரைபடம், 1:10 அளவில் பொறுமையாக வரையப்பட்டது, அந்த முழு வேலையின் மிக மதிப்புள்ள விளைவாக அமைவதுண்டு. அதற்காக அரைமணி நேரம் வேலையை நிறுத்தக் கேட்பது தகும்.

பதிவும் அறிக்கையும்

ஒவ்வொரு மண் அடுக்குக்கும், வெட்டுக்கும், கட்டுமானத்துக்கும் தனி எண் கொடுத்துப் படிவம் நிரப்புங்கள். மட்டங்களை கார்ன்வாலின் நியூலின் துறைமுகத்தில் நிலைப்படுத்தப்பட்ட தேசியக் கடல்மட்டத்தோடு இணைத்தே எழுத வேண்டும். நடைபாதையிலிருந்து இத்தனை ஆழம் என்று மட்டும் எழுதினால், அடுத்த முறை நடைபாதை உயர்ந்ததும் அந்த எண் பொருளிழக்கும். எதுவும் கிடைக்காத நாளிலும் நாள்பதிவு எழுதுங்கள்: எங்கே, எவ்வளவு நீளம், எந்த ஆழம் வரை தோண்டப்பட்டது, இயற்கை மண் வந்ததா இல்லையா. கல்லறை இல்லை என்பதற்கும், கல்லறை இருக்கும் ஆழத்துக்குப் போகவே இல்லை என்பதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. பின்னாளில் அங்கே வடிகால் பதிக்க வருபவருக்கு அந்த வேறுபாடே முதன்மையானது. கண்காணிப்பாளர் இல்லாத நேரத்தில் ஏதேனும் பகுதி தோண்டப்பட்டிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

அறிக்கையின் ஒரு படி மாவட்ட வரலாற்றுச் சூழல் பதிவேட்டுக்கும், ஒன்று திருமண்டலத்துக்கும், ஒன்று பங்கு நிர்வாகத்துக்கும் போக வேண்டும். ஓவாசிஸ் எனும் தேசிய இணையப் பதிவில் விவரங்களை ஏற்றினால், யார்க் நகரிலுள்ள தொல்லியல் தரவு நிலையத்தின் வழியாக அறிக்கை எல்லோருக்கும் கிடைக்கும். பங்கு நிர்வாகத்துக்கான படியோடு, எந்த எலும்புகள் எங்கே மறு அடக்கம் செய்யப்பட்டன என்பதைக் காட்டும் ஒரு பக்க வரைபடத்தையும் இணையுங்கள். மறு அடக்க நாளைக் குருவானவரோடு சேர்ந்து முடிவு செய்து, பெட்டிகளின் எண்ணிக்கையைச் சரிபார்த்து, குழியின் இடத்தையும் ஆழத்தையும் அளந்து அந்த வரைபடத்தில் குறித்த பிறகே உங்கள் கோப்பை மூடுங்கள்.